உங்களுக்குத் தெரியுமா? கேமரா சென்சார்: பெரிசா, சிறிசா?

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிறது திமிரி. ஒரு பக்கம் ஆரணிப் பட்டு, மறுபக்கம் ராணிப்பேட்டை டேனரிகள், இன்னும் மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகள். இந்த வட்டாரத்தில் கேமராவை நம்பிப் பிழைப்பவருக்கு விடியற்காலையில் முகூர்த்தம், மதியம் செருப்பு கேட்லாக், சாயங்காலம் மஞ்சள் நீராட்டு என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். புது கேமரா வாங்கப் போனால் மட்டும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஃபுல் ஃப்ரேமா, இல்லையா?” அதைச் சுற்றிச் சில துணுக்குகள்.

★ ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36×24 மி.மீ. ஸ்டுடியோவில் வெட்டிக் கொடுக்கிற 35×45 மி.மீ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் வரும் ஏ.பி.எஸ்-சி சென்சார் சுமார் 23.5×15.6 மி.மீ. கேனானின் ஏ.பி.எஸ்-சி இன்னும் கொஞ்சம் குறைவு, 22.3×14.9. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13. லட்சக்கணக்கில் விலை சொல்கிற மீடியம் ஃபார்மட்டில் பரவலாகக் கிடைப்பது 43.8×32.9. அதுகூடப் பரப்பளவில் பாஸ்போர்ட் போட்டோவை எட்டவில்லை.

★ இந்த 36×24 என்பது யாரும் உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்த அளவல்ல. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், கைக்கு எளிதாகக் கிடைத்த 35 மி.மீ. சினிமா ஃபிலிமைப் படுக்கைவசத்தில் ஓட்டி, சினிமாவின் 18×24 மி.மீ. கட்டங்கள் இரண்டைச் சேர்த்து ஒரு படமாக்கினார். அந்த லைக்கா கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது. கண்ணாடித் தட்டில் படம் எடுத்துப் பழகிய அந்தக் காலத்தில் இந்த ரகத்துக்கு ‘மினியேச்சர்’ கேமரா என்று பெயர். அன்றைய குட்டிதான் இன்றைய ‘ஃபுல்’.

★ ஏ.பி.எஸ்-சி என்ற பெயரும் ஒரு ஃபிலிமிலிருந்து வந்ததுதான். கோடக், ஃபியூஜி, கேனான், நிக்கான், மினோல்டா ஐந்து கம்பெனிகளும் சேர்ந்து 1996-ல் ஏ.பி.எஸ். என்ற புது ஃபிலிமைக் கொண்டுவந்தன. டிஜிட்டல் வந்ததும் அது போன இடம் தெரியவில்லை. அதில் இருந்த மூன்று சட்ட அளவுகளில் ‘கிளாசிக்’ என்ற அளவின் முதலெழுத்து மட்டும் சென்சார் பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

★ ‘ஒரு அங்குல சென்சார்’ ஒரு அங்குலம் இருக்காது. 13.2×8.8 மி.மீ. தான்; மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ. தேறாது. அந்தக் காலத்து டி.வி. கேமராக்களில் விடிகான் குழாய் இருந்தது. குழாயின் வெளிவிட்டம் ஒரு அங்குலம் என்றால் உள்ளே படம் விழும் பரப்பு அதைவிட எவ்வளவோ சிறியது. குழாய் ஒழிந்து பல வருஷம் ஆகியும் அதே கணக்கில்தான் செல்போன் கம்பெனிகள் இன்னும் சென்சார் அளவைச் சொல்கின்றன. பெட்டி மேல் அங்குலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மில்லிமீட்டர் என்ன என்று கேளுங்கள்.

★ வீட்டுப் பரணில் தாத்தாவின் அக்ஃபா கிளிக்-3 கேமரா கிடக்கிறதா? அதன் ‘சென்சார்’ இன்றைய விலையுயர்ந்த மீடியம் ஃபார்மட்டைவிட இரண்டு மடங்கு பெரியது! அதில் போட்டது 120 ரோல். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொரு நெகட்டிவும் ஏறக்குறைய 56×56 மி.மீ. ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட்டால் மூன்றரை மடங்குக்கும் மேல். ஸ்டுடியோக்காரர்கள் யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் இதே ரோலைப் போட்டுத்தான் கல்யாணப் படங்களை எடுத்தார்கள். கறுப்பு வெள்ளை ரோலை ஊட்டியிலேயே தயாரித்தது 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். பிராண்டின் பெயர் ‘இந்து’. கிளிக்-3-ன் லென்ஸ் ரொம்பச் சாதாரணம். ஃபோகஸ் திருகக்கூட வழியில்லை. ஆனாலும் அதில் எடுத்த படங்கள் இன்றைக்கும் ஆல்பத்தில் பளிச்சென்று நிற்பதற்கு ஒரு காரணம், அவ்வளவு பெரிய நெகட்டிவிலிருந்து அவ்வளவு சிறிய பிரிண்ட் போட்டதுதான். எத்தனை மடங்கு பெரிதாக்குகிறோம் என்பதே சென்சார் கணக்கின் பாதி.

★ பெரிதாக்கவே வேண்டாம் என்றால்? 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் அப்படித்தான் செய்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். நெகட்டிவ் காகிதத்தில், பிரிண்டும் அதே அளவு, சுமார் 25×35 செ.மீ. ஃபுல் ஃப்ரேமைப் போல நூறு மடங்கு! கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை இருபதுக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கருவிகள் போனது மாட்டு வண்டியில். இன்றைக்கு முதுகில் ஒரு பை.

★ விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம். இங்கேதான் சென்சார் அளவு நிஜமாகவே பேசும். ஃபுல் ஃப்ரேமின் பரப்பு 864 சதுர மி.மீ.; ஏ.பி.எஸ்-சி-க்குச் சுமார் 366. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்குச் சுமார் 225. ஒரே அபர்ச்சர், ஒரே ஷட்டர் வேகம், ஒரே கோணம் என்றால் ஃபுல் ஃப்ரேம் சேர்க்கும் மொத்த வெளிச்சம் ஏ.பி.எஸ்-சி-யைவிட 2.4 மடங்கு, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட 3.8 மடங்கு. அதாவது ஃபுல் ஃப்ரேமில் ஐ.எஸ்.ஓ. 6400 வைத்தால் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சல், ஏ.பி.எஸ்-சி-யில் 2500, 3200-லேயே வந்துவிடும். ரத்தினகிரி, வள்ளிமலை மாதிரி கோயில்களில் தாலி கட்டும்போது கூடுதல் விளக்கு போட வழியிருக்காது. அங்கே இந்த ஒன்றேகால் ஸ்டாப் பெரிய உபகாரம்.

அதே முகூர்த்தம் மண்டபத்தில் நடந்தால்? வீடியோக்காரர் ஃபோகஸ் லைட்டை ஏற்றிவிடுவார். ஐ.எஸ்.ஓ. 800-க்கு இறங்கிவிடும். அப்புறம் எந்தப் படம் எந்தச் சென்சாரில் எடுத்தது என்று ஆல்பத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் எடுத்தவரே திணறுவார்.

★ 50 மி.மீ. லென்ஸை ஏ.பி.எஸ்-சி-யில் மாட்டினால் அது 75 மி.மீ. ஆகிவிடுகிறது என்பார்கள். லென்ஸ் லென்ஸாகவேதான் இருக்கிறது. அது காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் சென்சார் எடுத்துக்கொள்கிறது. பின்னணி மங்குவதும் அதே விகிதத்தில் குறையும்: ஏ.பி.எஸ்-சி-யில் 50 மி.மீ. எஃப்/1.8 தரும் படம், ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ. எஃப்/2.7 வைத்து எடுத்த மாதிரி இருக்கும். கம்பெனி விளம்பரங்கள் முதல் எண்ணை மட்டும் பெருக்கிக் காட்டும். இரண்டாவதைப் பற்றி மூச்சு விடாது.

★ நிச்சயதார்த்தம் வீட்டுக் கூடத்தில். எதிரே இருபது பேர், முதுகுக்குப் பின்னால் சுவர். ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸ் போதும், அதே அகலம் ஏ.பி.எஸ்-சி-யில் வேண்டுமென்றால் 16 மி.மீ. வாங்கியாக வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நாரையைத் துரத்துகிறவருக்கோ கணக்கு தலைகீழ். 400 மி.மீ. லென்ஸ் ஏ.பி.எஸ்-சி-யில் 600 மி.மீ. பார்வையைத் தரும். தோளும் பிழைக்கும், பர்ஸும் பிழைக்கும்.

★ கரிஷ்மா ஆல்பத்தில் விரித்த பக்கம் 12×36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அதற்கு 3600×10800, கிட்டத்தட்ட 39 மெகாபிக்சல் வேண்டும். ஆனால் ஒரே படத்தை 36 அங்குலத்துக்கு இழுத்துப் போடும் பக்கம் ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோதான். பாதிப் பக்கம், 12×18-க்கு 19.4 மெகாபிக்சல் போதும். இன்றைய 24 மெகாபிக்சல் கேமரா எதுவாக இருந்தாலும், சென்சார் எந்த அளவானாலும், இதைத் தாண்டிவிடும்.

★ 12×18 என்பது சரியாக 2:3 விகிதம். ஃபுல் ஃப்ரேமும் ஏ.பி.எஸ்-சி-யும் அதே விகிதம். எடுத்தது எடுத்தபடி பக்கத்தில் உட்காரும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸும் பெரும்பாலான செல்போன்களும் 4:3. அதில் எடுத்ததை 12×18-ல் போட்டால் மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். போவது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தலைப்பாகையோ பெரியவர்களின் கால்களோ. எடுக்கும்போதே மேலே கொஞ்சம் இடம் விடுகிறவருக்குப் பிரச்சினை இல்லை.

★ பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு எத்தனை மெகாபிக்சல் வேண்டும்? 0.22. கால் மெகாபிக்சல்கூட இல்லை!

★ மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறார்கள். “பெரிய கேமராவில் எடுங்கண்ணே” என்று சொல்லி அனுப்புகிறார்கள். சாலையில் போகிறவர் அதை ஐந்து மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பார். நல்ல கண்பார்வை உள்ளவருக்கும் அந்தத் தூரத்தில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளிகள் தனித்துத் தெரியாது. பத்தடியை ஒன்றரை மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: குறுக்கே சுமார் 2030 புள்ளி, நெடுக்கே சுமார் 1625. மொத்தம் சுமார் 3.3 மெகாபிக்சல். இருபது வருஷத்துக்கு முந்தைய கேமராவே செய்துவிடும் வேலை அது. கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பம்தான் கேமராவைச் சோதிக்கும். நாற்சந்தி ஃப்ளெக்ஸ் சோதிக்காது.

★ பெரிய சென்சார் ஏன் இவ்வளவு விலை? சிலிக்கான் அதிகம் செலவாகிறது என்பது பாதிப் பதில்தான். ஷூ கம்பெனியில் கிளிக்கிங் செக்‌ஷனில் தோல் வெட்டுகிறவரைக் கேட்டால் மீதிப் பதிலைச் சொல்லிவிடுவார். ஆட்டுத்தோலில் அங்கங்கே முள் கீறலும் உண்ணிக்கடியும் இருக்கும். சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால் பழுதைத் தவிர்த்து ஓரமாக ஒதுங்கி வெட்டலாம், நிறையத் தேறும். பெரிய துண்டாக வெட்ட வேண்டுமென்றால் ஏதாவதொரு பழுது உள்ளே வந்தே தீரும். துண்டு முழுவதும் வீண். சிலிக்கான் தட்டிலும் அதே கதை. 8 அங்குலத் தட்டு ஒன்றில் ஃபுல் ஃப்ரேம் சென்சார் வெறும் 20 தான் என்று 2000-களின் நடுவில் கேனான் கம்பெனியே எழுதி வெளியிட்டது. 

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. சிப் தயாரிக்கும் எந்திரம் ஒரே தடவையில் ஒளியால் அச்சிடக்கூடிய பரப்பைவிட 36×24 பெரியது. பகுதி பகுதியாக அச்சிட்டுத் தையல் தெரியாமல் இணைக்க வேண்டும். கேனான் தன் முதல் ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் கேமரா, 11 மெகாபிக்சல் ஈ.ஓ.எஸ்-1டி.எஸ்.-ஐ 2002-ல் விற்றபோது விலை சுமார் 8,000 டாலர். பத்திரிகைப் படப்பிடிப்பில் கொடிகட்டிப் பறந்த நிக்கானே 2007-ல் டி3 வரும்வரை ஃபுல் ஃப்ரேம் பக்கம் திரும்பவில்லை. அதுவரை நிக்கான்காரர்கள் ஏ.பி.எஸ்-சி-யில்தான் ஒலிம்பிக்கும் எடுத்தார்கள், உலகக் கோப்பையும் எடுத்தார்கள்.

★ கேட்லாக் வேலைக்கு வருவோம். கறுப்புத் தோல் ஷூவைப் படமெடுப்பதுதான் இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்காரருக்கு உண்மையான பரீட்சை. கறுப்புத் தோல் தன் உருவத்தைக் காட்டாது. எதிரே இருக்கும் வெளிச்சத்தின் உருவத்தைத்தான் காட்டும். ஆகவே விளக்குக்கு முன்னால் பெரிதாக ஒரு பட்டர் பேப்பரோ சாஃப்ட் பாக்ஸோ வைத்து, அதன் பிரதிபலிப்பு ஷூவின் வளைவில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடாக விழும்படி செய்வார்கள். பளபளப்பு மிஞ்சினால் விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் போட்டு அடக்கலாம். லென்ஸில் மட்டும் போட்டால் உலோகப் பக்கிள் அடங்காது.

இதில் சென்சாருக்கு என்ன வேலை? சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். மூக்கிலிருந்து குதிகால்வரை ஷூ முழுக்கக் கூர்மையாக இருக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் அதற்கு எஃப்/16 வைத்தால், ஏ.பி.எஸ்-சி-யில் எஃப்/11, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/8 வைத்தால் அதே கூர்மை ஆழம் கிடைக்கும். சின்னத் துளையில் ஒளி சிதறி வரும் லேசான மங்கலும் மூன்றிலும் ஒரே அளவு. ஷூவோ அசையாது, கேமராவோ ட்ரைபாடில். ஷட்டரை எவ்வளவு நேரமும் திறந்து வைக்கலாம். இருட்டில் கை கொடுத்த அந்த ஒன்றேகால் ஸ்டாப்புக்கு இங்கே வேலையே இல்லை. இன்னும் கூர்மை வேண்டுமா? ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்துக் கணினியில் அடுக்கிவிடலாம்.

படம் போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். அமேசானில் முதன்மைப் படத்துக்கு நிபந்தனை: சுத்த வெள்ளைப் பின்னணி, சட்டத்தில் 85 சதவீதம் பொருள், பெரிதாக்கிப் பார்க்க நீண்ட பக்கம் 1000 பிக்சல். செல்போன் படத்திலேயே 4000 பிக்சல் இருக்கிறது. கேட்லாக்குக்காகவே ஃபுல் ஃப்ரேம் வாங்கப்போகிறவர் அந்தப் பணத்தில் ஏ.பி.எஸ்-சி பாடி, நல்ல மேக்ரோ லென்ஸ், இரண்டு ஸ்டுடியோ விளக்கு வாங்கினால் படம் நிச்சயம் மேலாக வரும். தோலின் நரம்பும் மயிர்க்கால் தடமும் தெரியும்படி இரண்டடி போஸ்டர் அடிக்கப்போகும் விளம்பரக் கம்பெனி வேலை வந்தால் அது தனி. அதற்கு மீடியம் ஃபார்மட்டைச் சென்னையில் வாடகைக்கு எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

★ பெரிய சென்சார் என்றால் நிறம் துல்லியமாக வருமா? வராது. டேனரியில் ‘டான்’ ஷேடையும் ‘காக்னாக்’ ஷேடையும் பிரித்துக் காட்டுவது விளக்கின் தரமும், முதல் படத்தில் ஒருதரம் வைத்து எடுக்கும் 24 கட்ட வண்ண அட்டையும், நிறம் சரிசெய்த மானிட்டரும்தான். இத்தனை இருந்தும் வெளிநாட்டு வாங்குநர் கடைசியில் கேட்பது தபாலில் ஒரு துண்டுத் தோல்.

★ ஆரணிப் பட்டுப் புடவையில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் மட்டும் ஓடுகிறதா? அது மோயரே. நெசவின் இழை இடைவெளியும் சென்சாரின் பிக்சல் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாக அமையும்போது வரும் கோளாறு. சென்சார் அளவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில், பிக்சல் பெரிதாக இருப்பதாலேயே, சில சமயம் கூடுதலாகவும் வரும். ஓரடி முன்னால் போங்கள், இல்லை பின்னால் வாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். புடவைக் கடை விளம்பரம் எடுப்பவர்கள் எல்.சி.டி.யில் பெரிதாக்கிப் பார்க்காமல் அடுத்த புடவைக்குப் போகக் கூடாது.

★ மண்டபத்து எல்.ஈ.டி. விளக்கில் படம் முழுக்க வரி வரியாகக் கருப்புப் பட்டை விழுந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மங்கி எரியும். சென்சாரோ மேலிருந்து கீழே வரிசை வரிசையாகத்தான் படத்தைப் படிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பட்டை அநேகமாக ஓடிவிடும். சைலண்ட் ஷட்டரில் தொல்லை கூடும். பெரிய சென்சாரைப் படித்து முடிக்கப் பொதுவாக நேரமும் கூடும். எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் படிக்கும் முதல் ஃபுல் ஃப்ரேம் கேமரா 2023-ல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9-III.

★ எடை? ஃபுல் ஃப்ரேமுக்கான 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் இன்றைக்கு ரொம்ப இளைத்தும் சுமார் ஒரு கிலோ. அதே பார்வை தரும் பானசோனிக்கின் 35-100 மி.மீ. எஃப்/2.8, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கானது, சுமார் 360 கிராம். ரிசப்ஷன், முகூர்த்தம், விருந்து என்று ஒரே மூச்சில் நின்றவரின் மணிக்கட்டைக் கேட்டால் எது நல்ல சென்சார் என்று அதுவும் ஒரு தீர்ப்பு சொல்லும்.

★ தியேட்டரில் நாம் விசிலடித்துப் பார்த்த பெரும்பாலான படங்கள் ஏ.பி.எஸ்-சி அளவுச் சட்டத்தில் எடுத்தவைதான்! ஃபிலிம் காலத்து சூப்பர் 35 சட்டம் சுமார் 24.9×18.7 மி.மீ. டிஜிட்டலுக்கு மாறியபோது வந்த ஆரி அலெக்சாவும் அதே அளவைத் தொட்டே அமைந்தது. பாலாஜி சக்திவேல் இயக்கி 2012-ல் வந்த ‘வழக்கு எண் 18/9’ படத்தை எஸ்.டி. விஜய் மில்டன் ஸ்டில் கேமராவிலேயே ஒளிப்பதிவு செய்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது.

★ பல ஃபுல் ஃப்ரேம் பாடிகளில் பழைய ஏ.பி.எஸ்-சி லென்ஸை மாட்டலாம். கேமரா தானாக நடுப்பகுதியை மட்டும் எடுக்கும். 24 மெகாபிக்சல் கேமரா அப்போது 10 மெகாபிக்சல் கேமராவாகிவிடும். “லென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பாடியை மட்டும் முதலில் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. என்னைக் கேட்டால், கல்யாண வேலை அதிகம் செய்பவர் ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடியும், அதே மவுண்டில் ஒரு ஏ.பி.எஸ்-சி பாடியும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று நடுவில் மக்கர் செய்தால் தாலி கட்டும் நேரம் காத்திருக்காது. அதோடு ஒரே 70-200 லென்ஸ் இரண்டு லென்ஸாக வேலை செய்யும்.

★ கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் போட்டிருக்கும் உச்சவரம்பும் அதே 40 டிகிரிதான்! வெப்பம் ஏற ஏற, வெளிச்சமே படாத சென்சாரிலும் எலக்ட்ரான்கள் தாமாகக் கிளம்பும். ஆறேழு டிகிரி ஏறினால் இந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நீண்ட நேரம் வீடியோ ஓடும்போது கேமரா சூடாகி நின்றுவிடுவதும் சென்சாரைச் சுற்றிய வெப்பத்தால்தான். ஏ.சி. இல்லாத மண்டபத்தில் மே மாதக் கல்யாணம் என்றால் காலி நேரத்தில் கேமராவை அணைத்து வையுங்கள்.

★ இதற்கு முழு வைத்தியம் செய்பவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம். அந்த மாதிரித் தொலைநோக்கிகளில் சி.சி.டி. சென்சாரைத் திரவ நைட்ரஜனால் பூஜ்யத்துக்கு நூறு டிகிரி கீழே குளிர்விப்பார்கள். மணிக்கணக்கில் திறந்து வைத்தாலும் கசிவு கிட்டத்தட்ட இல்லை.

★ சென்சார்களில் ஆகப் பெரிசும் ஆகச் சிறிசும்: சிலியில் உள்ள ரூபின் வானாய்வகத்தின் கேமராவில் 189 சி.சி.டி.க்கள் சேர்ந்து சுமார் 64 செ.மீ. அகலம், 3,200 மெகாபிக்சல். முதல் படங்கள் 2025 ஜூனில் வெளிவந்தன. மறுகோடியில் ஓம்னிவிஷனின் ஓ.வி.6948: 0.575 மி.மீ. சதுரம், 200×200 பிக்சல். உடலுக்குள் செல்லும் எண்டோஸ்கோப்புக்காகச் செய்தது. உலகின் மிகச் சிறிய வணிகச் சென்சார் என்று 2019-ல் கின்னஸில் ஏறியது. இரண்டும் தொழில்முறைச் சென்சார்கள்தான்.

★ கேமராவுக்கு ஜி.எஸ்.டி. முதலில் 28 சதவீதம். 2019 ஜனவரி முதல் 18. லட்ச ரூபாய்க் கேமராவில் பத்தாயிரம் மிச்சம். ஒரு நல்ல ஃப்ளாஷ் வந்துவிடும்.

★ டேனரிப் பக்கம், மண் சாலைப் பக்கம் லென்ஸ் கழற்றி மாட்டுகிறவருக்குத் தூசி ஓயாத தலைவலி. சென்சாரை அதிரவைத்துத் தூசி உதறும் வித்தையை முதலில் கொண்டுவந்தது 2003-ல் ஒலிம்பஸ் ஈ-1. சின்ன சென்சார் கேமரா அது.

★ செகண்ட் ஹேண்டில் பழைய ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் புது ஏ.பி.எஸ்-சி விலைக்கே முடிந்துவிடும் என்று நிறையப் பேர் இறங்குகிறார்கள். தப்பில்லை; மூன்று விஷயம் பார்த்தால் போதும். ஒன்று, ஷட்டர் கவுண்ட். கேனான் 5டி மார்க் III-ன் ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 1,50,000. கல்யாணத்துக்கு மூவாயிரம் ஃப்ரேம் அடிக்கிறவரிடம் அது ஐம்பது கல்யாணம். இரண்டு, எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம். தூசியும் கீறலும் கறுப்புப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரியும். மூன்று, லென்ஸ் மூடியைப் போட்டு முப்பது வினாடி ஒரு படம். ‘ஹாட்’ பிக்சல்கள் சிவப்பும் பச்சையுமாக மின்னும். தூசியைத் துடைக்கலாம், ஷட்டரை மாற்றலாம். சென்சாரில் கீறல் இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். சென்சார் மாற்றும் செலவு பெரும்பாலும் அந்தப் பழைய பாடியின் விலைக்கே வந்து நிற்கும்.